வற்றம், பத்து நாற்பது

மார்கரெட் என்பது எங்கள் படகின் பெயர்.
பெர்த்துக்குத் திரும்பிப்போன கிழவர்
பெயரையும் சேர்த்துத்தான் விற்றார்.
சுரண்டி எடுத்துவிடலாம் என்றேன்.
"யாரோ ஒருத்தி, இருந்துட்டுப் போகட்டும்"
என்றாள் லோகா.
இருபத்தோரு அடி, இரண்டு பாய்.
கார் உரிமச் சீட்டின் விலையில் பாதிகூட இல்லை.
கார் வாங்கியிருக்கலாம் என்று
இன்னமும் சொல்கிறார்கள் அவள் அண்ணன்மார்.

சாங்கியில் கயிறவிழ்த்தபோது மணி ஒன்பது.
அணியத்தில் அவள்.
அமரத்தில், சுக்கானோடு, நான்.
உபினை ஒரு சுற்றுச் சுற்றி வருவதாகப் பேச்சு.
சக்கரம் நீட்டித் தலைக்குமேல் இறங்கிய
ஒவ்வொரு விமானத்தையும் அண்ணாந்து பார்த்தேன்.
அவள் பார்க்கவில்லை.
சோற்றுப் பெட்டியை மடியில் வைத்து
இரண்டு கையாலும் மூடியை அழுத்தியிருந்தாள்,
உள்ளே ஏதோ உயிரோடு இருப்பதுபோல.

கேலோங் ஒன்றைக் கடந்து வெகுநேரமில்லை,
காற்று நின்றது.
பாய் இரண்டுமுறை படபடத்துவிட்டுத்
துவைத்துப்போட்ட வேட்டியாய்த் தொங்கியது.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள்.
இல்லாதபோது என்ன செய்வதென்று
ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

எஞ்சினை முடுக்கப் போனேன்.
சிவப்புச் சுருள்கயிற்றைக் காணோம்.
அதன் நுனிக் கொக்கியை மாட்டாவிட்டால்
எஞ்சின் தும்மக்கூடச் செய்யாது.
பெஞ்சுக்கு அடியில் தேடினேன்,
பாய்ப்பையில், மிதவை அங்கிகளுக்குள்.
"பார்த்தியா?"
"எதை?" என்றாள்.
இருபத்துமூன்று வருடத்தில்
அவள் 'எதை' என்று கேட்கும் விதமெல்லாம் எனக்குத் தெரியும்.
இது புதிது.

நங்கூரம் போட எழுந்தேன்.
"என்ன அவசரம்?"

அப்போதுதான் கவனித்தேன்,
உபின் எங்களை விட்டு மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது.
மிதவை ஒன்றின் இடுப்பைச் சுழித்துக்கொண்டு
நீர் கிழக்கே ஓடியது.
வற்றம்.
குளிர்பெட்டிக் கதவில்
அவள் எழுதி ஒட்டியிருந்த துண்டுச்சீட்டு ஞாபகம் வந்தது:
ஞாயிறு 10.40.
யார் வீட்டு நிச்சயதார்த்தமோ என்றிருந்தேன்.

எதிரே
தெக்கோங்.

பதினொரு நாள், நிலவன் அந்தத் தீவுக்குப் போய்.
சேர்ந்த அன்று பெற்றோருக்கும் சோறு போட்டார்கள்.
உப்பில்லை என்றாள் லோகா.
வேறொன்றும் சொல்லவில்லை, அன்றும், பிறகும்.
மொட்டைத் தலைப் படம் ஒன்று வந்தது,
கீழே 'ஓகே' என்று ஒரு சொல்.

தீவு பெரிதாகிக்கொண்டே வந்தது.
மரம், மரம், எச்சரிக்கைப் பலகை, மரம்.
ஆள் ஒருவரும் இல்லை.
தொலைநோக்கியை எடுத்துக்கொண்டாள்.
இங்கிருந்து என்ன தெரியும்
என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன்.
"மழை பெஞ்சிருக்கு அங்க" என்றாள்.
"மண்ணு கறுப்பா இருக்கு."

கடலோரக் காவல் படகு நுரை கிளப்பி வந்தது.
ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பையன்,
மீசை இன்னும் முடிவுக்கு வராத முகம்.
தடைசெய்யப்பட்ட பகுதி சார், திரும்புங்கள்.
படகின் பெயர்?
"மார்கரெட்" என்று கத்தினேன்.
அவன் லோகாவைப் பார்த்தான்.
மேடம் மார்கரெட், எஞ்சின் வேலை செய்கிறதா?
"செய்யும்" என்றாள் எனக்கு முன்னால்.
பிறகு, தமிழில்,
"சாப்டியாப்பா?"
புரியாமல் அவன் கையசைத்தான்.
அவளும் அசைத்தாள்,
தேவைக்கு மேல் கொஞ்சநேரம்.

சோற்றுப் பெட்டியைத் திறந்தாள்.
எலுமிச்சைச் சோற்றின்மேல்
பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தது சிவப்புக் கயிறு.
நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.
முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது எஞ்சின்.

திரும்பும் வழியெல்லாம் நீர் எதிர்த்தது.
அவித்த முட்டை மூன்று இருந்தது பெட்டியில்.
நான் எண்ணியதை அவளிடம் சொல்லவில்லை.
"வெள்ளிக்கிழமை வந்துடுவானே" என்றேன்.
"தெரியும்" என்றாள்,
மூன்றாவதை உரித்துக்கொண்டே.
ஓட்டைக் கடலில் போடாமல்
மடியில் சேர்த்துவைத்தாள்.